கத்திரிக்கோல் அக்கா

மருத்துவக் கப்பலில் அந்த நர்ஸுக்குக் 'கத்திரிக்கோல் அக்கா' என்று பெயர் வைத்தது காயம்பட்ட சிப்பாய்கள்தான். மாவுக்கட்டு வெட்டும் பெரிய கத்திரிக்கோல் எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். வாயும் அதே ரகம். "படுடா! எழுந்து ஓடி யாரைச் சுடப் போறே?" என்று அவள் ஒருவனை அதட்டினால், பக்கத்துக் கட்டில் மேஜரும் சத்தமில்லாமல் மருந்தை விழுங்கிவிடுவார்.

கீழ்த்தளத்தில், மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு ஒருவன் கிடந்தான். போருக்கு முன் லாரி ஓட்டியவன்.

"அக்கா, கப்பல் முழுகினா இந்தக் கட்டோட நான் கல்லு மாதிரி போயிடுவேன். அபாய மணி அடிச்சா முதல்ல இங்க வந்து வெட்டி விட்டுடுவீங்களா?"

"வராம எங்கடா போவேன்? தூங்கு."

அந்தக் கட்டை வெட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். மணி அடித்தால் நர்ஸுகள் நடக்க முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துப் படகுகளுக்குப் போக வேண்டும் என்பது கப்பலின் உத்தரவு. இரண்டும் அவளுக்குத் தெரியும். அன்று முதல் அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். அவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் மணி அடித்தது. அவள் கை இடுப்புக்குப் போனது, கால் படியேறியது. நடக்க முடிந்தவர்களைப் படகருகே கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான், இது வெறும் ஒத்திகை என்று அறிவித்தார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடி வந்தாள். லாரிக்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒத்திகைன்னு தெரிஞ்சுதானே அக்கா நீங்க வரலை?"

அவள் போர்வையை இழுத்து அவன் கழுத்து வரை மூடினாள்.

"ஆமாண்டா" என்றாள்.