ஆறரை மணிக்கு நிற்கும் ஆல்பம்

மூன்று வாரம் முன்பு கம்பத்தில் ஒரு செல்போன் கடையில் சண்டை போட்டேன். சும்மா இல்லை... தெருவே நின்று பார்த்தது!

நான் தினமும் சாயங்காலம் ஒரு புது ஆல்பம் கேட்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தலையில் திராட்சைக் கூடை சுமந்து ஆரம்பித்தேன். இன்றைக்குச் சொந்த மண்டி, நாலு லாரி. ஹாலில் நிற்கும் ஸ்பீக்கர் என் தோள் உயரம். இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்லியாயிற்று. மறுபடி சொன்னால் குறைந்தா போய்விடும்?

அந்த ஸ்பீக்கரில்தான் கோளாறு. ஆறரை மணி ஆனால் பாட்டு பாதியில் நின்றுவிடும். தினமும்! பாட்டுப் போடும் செல்போனை வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போய், "என்னம்மா பொருள் விக்கிறீக?" என்று கத்தினேன்.

கடைப் பெண் அசரவில்லை. போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் பாட்டு வர்றது யாரு அக்கவுண்ட்டுல?"

"என் மகனோடது. கனடாவுல இருக்கான்."

"அதான். ஒரு அக்கவுண்ட்டுல ஒரு இடத்துலதான் பாடும். அவுக அங்கன போட்டா இங்கன நின்னுரும். போன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சூடா இருக்கீக."

அங்கே அது காலை. மகன் காரில் வேலைக்குக் கிளம்பும் நேரம். அவன் பாட்டுப் போட, என் வீட்டில் நின்றிருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறேகாலுக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். பாட்டு நின்றால்... ஆள் எழுந்தாயிற்று, காரில் ஏறியாயிற்று. நின்ற பிறகுதான் காபி குடிப்பேன்.

அவன் கேட்ட ஆல்பம் எல்லாம் அந்த அக்கவுண்ட்டில் வரிசையாக நிற்கும். அதைத்தான் நானும் கேட்பேன். திராட்சைக் கொத்தில் மேல் பழம் எப்போதும் இனிக்கும். நுனிப் பழத்தைக் கடித்துப் பார்த்துத்தான் நாங்கள் விலை சொல்வோம். ஆல்பத்துக்கும் அதே கணக்கு – கடைசிப் பாட்டை முதலில் கேட்பேன்.

பட்டணத்துப் பையன்களின் ராப் ஆல்பம் ஒன்று. தாளம் சுத்தம். திட்டுதான் போதாது, எங்கள் லோடுமேன்கள் இதைவிட நயமாகத் திட்டுவார்கள். ஒரு மலையாள கிட்டார் கோஷ்டி... குமுளி பஸ் ஸ்டாண்டில் குடையில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. ஆனால் பிடித்தது. ஒரு சினிமா ஆல்பம் – முதல் பாட்டு தேன், கடைசிப் பாட்டு புளி. வயலின் மட்டும் வாசித்த ஒன்றும் இருந்தது. வித்வான் பெரிய ஆள்தான். ஆனால் பேச ஆளில்லாத வீட்டுக்கு வார்த்தையில்லாத பாட்டு ஆகுமா?

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மகன் மாதம் ஒருமுறை பேசுவான். "சாப்பிட்டீகளா... உடம்பு எப்படியிருக்கு..." அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நாள் பாட்டு நின்றது. என்ன தோன்றியதோ, நான் திரும்ப அமுக்கினேன். பாடியது. நின்றது. மறுபடி அமுக்கினேன். அவன் அமுக்க, நான் அமுக்க... ஐந்து நிமிடம்! இந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

உடனே போன் வந்தது.

"அப்பா, நீங்க போட்டா என் கார்ல நின்னுருதுப்பா. உங்களுக்குத் தனியா ஒண்ணு போட்டுத் தரவா?"

'வேண்டாம்ப்பா, இதுவே இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"நீ என்னலே போட்டுத் தர்றது? நான் நெனச்சா பத்து அக்கவுண்ட்டு போடுவேன்!"

"சரிப்பா" என்றான். நிம்மதியாகச் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் அதே கடைப் பெண்தான் போட்டுக் கொடுத்தாள். "இனிமே நிக்காதுய்யா" என்றாள், சந்தோஷமாக. புது அக்கவுண்ட்டில் ஒன்றுமே இல்லை. என்ன கேட்கிறீர்கள் என்று அது என்னைக் கேட்கிறது. எனக்கு என்ன தெரியும்?

நேற்று கையில் பட்ட ஒரு ஆல்பத்தைப் போட்டேன். ஊரே கொண்டாடுகிற ஆல்பமாம். ஆறரை ஆனது. ஏழு ஆனது. காபி ஆறியது. பாட்டு நிற்கவே இல்லை.

என்னைக் கேட்டால்... மட்டமான ஆல்பம்!