துடைக்காத அடுப்பு

செவிலிமேட்டு மாடி வீட்டில் அன்று வீட்டுக்கார அம்மா, கொரியாவிலிருந்து வேலைக்கு வந்த இன்ஜினியர், அவருக்குப் பேச்சுத் துணையாக நான் என மூன்று பேர் இருந்தோம். அவருடைய மனைவியும் மகளும் இல்லை. வீடு கிடைத்தால்தான் அவர்கள் வர முடியும். 'கருவாட்டு நாத்தம் வரும்' என்று ஐயம்பேட்டை வரை எல்லாரும் அவருக்கு வீடு தர மறுத்திருந்தார்கள். எனக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது.

இன்ஜினியருக்கு நரைத்த கிராப்பு, மார்பில் மாட்டிய பை. எங்கே உட்கார்ந்தாலும் கைக்குட்டையால் துடைப்பார். எழுந்த பின்னும் ஒருமுறை துடைப்பார்.

"இன்னா வேணா சமைச்சிக்கட்டும். மொதல்ல பால் காய்ச்சணும், அப்பத்தான் சாவி," என்றார் அம்மா.

பால் நுரைத்து எழும்பியதும் இன்ஜினியர் பாய்ந்து அடுப்பை அணைத்தார்.

"இன்னாபா இது! பொங்கி வழியணும்னு சொல்லு. வேற பால் வாங்கியா."

சொன்னேன், தலையாட்டினார். இரண்டாம் முறையும் கை தானாக அணைத்துவிட்டது. அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பால் பொங்கினால் என் மனைவி திட்டுவாள்," என்றார் அவர் இங்கிலீஷில், மிகவும் சோர்ந்து.

அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். "எல்லா ஊர்லயும் இதே கதைதானா! இன்னிக்கித் திட்டமாட்டாங்கன்னு சொல்லுபா."

மூன்றாம் முறை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பால் வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது.

அம்மா சாவியை நீட்டினார். "இனிமே உங்க வீடு சார். தொடைச்சிக்கோங்க."

அவர் துடைக்கவில்லை. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். நான் கிளம்பும்போதும் அந்தப் பால் அடுப்பில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. ஏன் விட்டுவைத்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அட்வான்ஸ் போக, அந்த வீட்டுக்காக அவர்களுக்கு ஆன செலவு மூன்று பாக்கெட் பால், அறுபத்தாறு ரூபாய்.