சித்தப்பாவின் தோள்கட்டி

என் உடம்பில் இப்போது நான்கு கட்டிகள். காலையில் நான்கையும் அமுக்கிப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும். இந்தப் பழக்கம் என் ஏழாவது வயதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தொடங்கியது.

சித்தப்பாவுக்குத் தோளில் ஒரு கட்டி. பல வருடமாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ரயில் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் தொடையில் கட்டி வந்து இறந்த பிறகுதான் வீட்டில் பயம் புகுந்தது. அதற்குள் கிள்ளானில் சித்தப்பாவுக்குப் பெண் பேசி, தேதியும் குறித்தாகிவிட்டது. கட்டியைக் கரைக்க அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பத்துப் போட்டாள். காலைதோறும் நூல் வைத்து அளந்தாள். நூல் நீண்டுகொண்டே போனது. சித்தப்பாவின் சாப்பாடு குறைந்தது.

ஒருநாள் அப்பாவிடம், "கல்யாணத்த நிறுத்திடுங்கண்ணே. அந்தப் பொண்ணு பாவம்," என்றார்.

அப்பா அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டியின் ஓரத்தை இரண்டு விரலால் அமுக்கினார். அது தோலுக்கடியில் நழுவியது. என் விரலையும் பிடித்து வைத்தார். உரித்த ரம்புத்தான் பழம் போல மெத்தென்று வழுக்கியது. பொல்லாத கட்டி பெரும்பாலும் கல்லாக இறுகி, ஆழத்தில் ஒட்டிக்கொண்டு, வேகமாக வளரும், இது வெறும் கொழுப்பு, என்றாவது இறுகினாலோ பெருத்தாலோ உடனே வாருங்கள் என்றார். அப்பா நம்பாமல், அம்மா பத்துப் போட்டு அளந்ததைச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்துக் காட்டினார். டாக்டர் சிவந்திருந்த தோலைத் தடவிப் பார்த்தார்.

"கட்டி வளரேல்ல. அண்ணியின்ர பத்தாலதான் தோல் வீங்கிக் கிடக்கு."

அம்மா முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு பாயசம் வைத்தாள். சித்தப்பா மூன்று கிண்ணம் குடித்தார். நான் வீட்டில் எல்லோரையும் அமுக்கிப் பார்த்தேன். அப்பாவின் தொப்பை நன்றாகவே நழுவியது.

கல்யாணத்தன்று தாலி கட்டியதும் எனக்கு ஒரு கவலை வந்தது. புதுச் சித்திக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா? மணவறையில் ஏறி, அவள் விரலைப் பிடித்துச் சித்தப்பாவின் தோளில் வைத்தேன்.

"நல்லா அமுக்கிப் பாருங்க சித்தி. நழுவும். பயப்படாதீங்க."

சித்தி அமுக்கினாள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கட்டி நழுவி நின்ற பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. சித்தப்பாவின் காது இரண்டும் சிவந்துபோயின. வலி வந்துவிட்டது என்று பயந்து, டாக்டரைக் கூட்டிவரச் சொல்ல அப்பாவைத் தேடி ஓடினேன்.