பச்சை ஸ்டிக்கர், நீல ஸ்டிக்கர்

போன கிழமை எங்கள் குசினிக்குப் புதிதாகப் பொரிக்கிற மெஷின் வந்தது. சுவிஸில், சோலோதுர்ன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் உருளைக்கிழங்கு பொரிப்பவன் நான். யாராவது கேட்டால் உதவிச் சமையல்காரன் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். மெஷினைக் கொண்டுவந்து பூட்டிய சுவிஸ்கார மெக்கானிக் எல்லாம் சரிபார்த்து, பக்கத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "அல்லஸ் குவெட்", எல்லாம் சரி, என்றார். அந்த நேரம் பார்த்து வானொலியில் செய்தி. எங்கேயோ உள்ள வெளிநாட்டுப் படைத்தளம் ஒன்றுக்கு, இடம் கொடுத்த நாடு இனிக் கூடுதல் செலவை ஏற்க வேண்டுமாம். பேச்சு நடக்கிறதாம். ஸ்டிக்கரும் செய்தியும் ஒன்றாக வந்ததில் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

சுவிஸுக்கு வருமுன் வளைகுடாவில் அப்படியொரு தளத்தில்தான் குசினி வேலை பார்த்தேன். நாட்டின் பெயரை விடுங்கள், வெயில் எல்லா இடமும் ஒன்றுதான். அங்கேயும் செலவைப் பங்கு பிரித்திருந்தார்கள். விமானமும் சிப்பாயும் வந்தவர்களின் பங்கு. நிலம், தண்ணீர், கரண்ட், வேலையாட்கள் எல்லாம் அந்த நாட்டின் பங்கு. வேலையாட்கள் என்றால் நாங்கள்தான். ஒரு கொம்பனி எங்களைப் பிடித்து, தண்ணீரோடும் கரண்டோடும் சேர்த்துக் கொடுத்திருந்தது.

எது யாருடையது என்று குழம்பக் கூடாதே, அதற்குத்தான் ஸ்டிக்கர். நாட்டுக்காரருக்குப் பச்சை, தளத்துக்காரருக்கு நீலம். மேசை, காற்றாடி, குப்பை வாளி, ஒன்றும் தப்பாது. ஏதாவது பழுதானால் முதலில் ஸ்டிக்கரைப் பார்ப்பார்கள், பிறகுதான் பழுதைப் பார்ப்பார்கள்.

பொரிக்கிற மெஷினில் என்னோடு நின்றவன் தவம், களுவாஞ்சிக்குடிப் பெடியன். சரியான வாய்க்காரன். ஒருநாள் பச்சை ஸ்டிக்கர் ஒன்றைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நான் பழுதாப் போனா இதப் பாத்துத்தான், அண்ணன், திருத்த வருவானுகள்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோனது. அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் ஒட்டிக்கொண்டோம். மேற்பார்வைக்காரன் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சரியாகத்தானே ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான்!

தவத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. சுவிஸில் எனக்கு ஒரு மச்சான் இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே கதைதான். "சுவிஸுக்குப் போவம் அண்ணன். ஐஸுக்குள்ள நிண்டு வேல செய்யணும்." இரண்டு பேரும் ஒன்றாகவே புறப்படுவதென்று பேசி வைத்திருந்தோம்.

அப்போதுதான் மெஷினின் சூடு குறைக்கிற குமிழ் பழுதானது. எண்ணெய் தன்பாட்டில் கொதித்துப் புகைந்தது. மெஷினில் பச்சை ஸ்டிக்கர், அதற்கு வருகிற காஸ் குழாயில் நீல ஸ்டிக்கர். நாட்டுக்காரரின் மெக்கானிக் வந்து குழாயைக் காட்டிவிட்டுப் போனான். தளத்து மெக்கானிக் வந்து மெஷினைக் காட்டிவிட்டுப் போனான். மேலிடத்தில் பங்குப் பேச்சு இழுபட்ட காலம் அது. அடுத்தவனுக்காக ஒரு ஆணியை இறுக்கக்கூட ஆளில்லை. ஆனால் பொரியல் மட்டும் நிற்கக் கூடாது.

ஒரு மத்தியானம் எண்ணெய் பற்றிக்கொண்டது. தவம் மூடியைப் போட ஓடினான். எண்ணெய் அவன்மேல் கொட்டியது.

தளத்துக்குள்ளேயே நல்ல ஆஸ்பத்திரி, நடக்கிற தூரம். நாட்டுக்காரரின் ஆளை இங்கே சேர்க்க முடியாது என்று தளத்து வண்டி அவனைத் தளத்தின் வெளிவாசலில் கொண்டுவந்து இறக்கியது. உள்ளே நடந்த விபத்தை உள்ளேயே பாருங்கள் என்று நாட்டுக்காரர் வண்டி அனுப்பவில்லை. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் டெலிபோனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன்கூடக் கெட்டவன் இல்லை. ஒருவன் எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடத் தந்தான். வெயிலில் ஸ்ரெச்சருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கிழிந்த பெட்டி மட்டை ஒன்றால் விசிறினேன்.

"ஐஸ் கிடைக்குமா அண்ணன்?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "என்ட சட்டையில அது கிடக்கா?"

சட்டையே இருக்கவில்லை.

"ஓமடா, கிடக்கு."

"அப்ப வருவானுகள்."

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு வண்டி வந்தது. அது யாருடையதென்று நான் பார்க்கவில்லை. தவம் அதற்கு முன்னமே போய்விட்டான். உடல் அடக்கத்தைக் கொம்பனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி என்னைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்த கிழமை புது மெஷின் வந்தது. முன்பக்கத்தில் பச்சை, பின்பக்கத்தில் நீலம்.

இவ்வளவும் மண்டைக்குள் ஓட, சோலோதுர்ன் மெக்கானிக்கிடம் கேட்டேன், இது பழுதானால் யார் திருத்துவது என்று. மனிதருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கூப்பிடுங்கள், வருவேன்" என்றார். எவ்வளவு லேசான பதில் பாருங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தைச் சாட்டினேன். வெளியே ஐஸ் கொட்டிக் கிடந்தது, அள்ள ஆளில்லாமல்.

அந்தத் தளம் இப்போது இல்லை. பங்கு சரிவரவில்லை என்று மூடிவிட்டார்களாம். கடைசிவரை அங்கே வேலை பார்த்த ஒருவர் டெலிபோனில் சொன்னார். குசினி, வாசல், கம்பிவேலி எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்களாம். நீலம் கப்பலுக்கு, பச்சை களஞ்சியத்துக்கு. உடைந்த குப்பை வாளியைக்கூட விடவில்லையாம். இப்போது வெறும் மணல்.

தவத்தை எந்த மணலுக்குள் தாட்டார்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.