ஆறில்லாத ஊரில் ஒரு திருகு மூடி

1. எதிர்ப்பக்கத்துக் கொட்டில்

சவிரிமுத்து என் கராச்சுக்கு நேர் எதிரே தகரக் கொட்டில் போட்ட அன்று நான் ஒரு காரின் அடியில் கிடந்தேன். றோட்டின் மறுபக்கத்தில் ஒருவன் சைக்கிள் கரியரில் இருந்து வள்ளத்து எஞ்சின் ஒன்றை இறக்குவது சில்லுகளுக்கு இடையால் தெரிந்தது. நல்லூரில் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவன். கரையில் இருக்க விடாமல் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். மீன்பிடியும் நின்றுபோனது. அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் வள்ளங்களின் அவுட்போட் எஞ்சின் திருத்துவது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

நான் கொழும்பில் மோட்டார் மெக்கானிசம் படித்து டிப்ளோமா எடுத்தவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வேலையும் வீடும் போய், கப்பலில் ஏற்றி வந்து காங்கேசன்துறையில் இறக்கிவிட்டபோது என் ஒரு கையில் பத்து வயது மகள் வதனி, மறு கையில் ஜீப்பின் வேர்க்‌ஷொப் மனுவல். மனைவியின் தாலிக்கொடி கூட வரவில்லை. புத்தகம் வந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் நல்லூரில் கராச் போட்டேன்.

தொழிற்கல்லூரி மோட்டார் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் மலருக்கு, ஜீப்புகளை அவற்றின் சொந்தக்காரர் எப்படியெல்லாம் மாற்றிச் செய்தார்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதை எழுதினால் சவிரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்று வருடமாக அதைத் தள்ளிப்போட்டேன்.

2. ஜீப்காரர் கேட்டவை

அப்போது வலிகாமத்தில் பழைய இங்கிலாந்து ஜீப்புகள் பத்துப் பன்னிரண்டு ஓடின. உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. அடிச்சட்டமான சேஸி இரும்பு, உப்புக் காற்றில் அது மட்டும் உக்கும். அவற்றை வைத்திருந்தவர்கள் ஒருவரும் அதை இருந்தபடி விடமாட்டார்கள்.

உடுவில் செல்லத்துரை அண்ணை வெங்காயம் செய்பவர். ஒருநாள் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "தம்பி, இதுக்குப் பின்னாலை ஒரு சாவ்ற் சுத்துமெண்டு சொல்லுறாங்கள். அதிலை பம்பைக் கொழுவி ஒரு பரப்புக் காணிக்குத் தண்ணி இறைக்கேலாதோ?" என்றார். அரியாலையில் இறால் வாங்கி விற்பவர் ஒருவர், ஐஸ் உருகும் தண்ணீர் சேஸியில் படாமல் வெளியே போகப் பின்பக்கத்தில் ஒரு பீலி கேட்டார். முதுகுநோவுக்கார டொக்டர் ஒருவர் தன் வீட்டுக் கதிரையையே தூக்கிக்கொண்டு வந்து, "இதைப் பூட்டிவிடும்" என்றார்.

எல்லோருக்கும் நான் ஒரே பதில் சொன்னேன்.

"கம்பனிக்காரன் விசரனே? அவனுக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்?"

செல்லத்துரை அண்ணை மட்டும் விடவில்லை. "கம்பனிக்காரன் உடுவிலுக்கு வந்தவனே தம்பி? என்ரை வெங்காயத்தைப் பாத்தவனே?"

இருந்தும் அவர்கள் என்னிடமே வந்தார்கள். ஜீப் திருத்த வேறு ஆள் இல்லை. அதை நான் என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

செல்லத்துரை அண்ணையின் ஜீப்புக்கு ஒருமுறை கிளச் மாற்றினேன். கிளச் இருக்கிற பிளைவீல் பெட்டியின் அடியில் விரல் மொத்தத்தில் ஒரு துவாரம் இருக்கும். உள்ளே ஒயில் கசிந்தால் கிளச்சில் படாமல் கீழே ஒழுகுவதற்கு. ஆறு கடக்கும்போது மட்டும் அந்தத் துவாரத்தைப் பூட்டுவதற்குக் கம்பனிக்காரன் ஒரு பித்தளைத் திருகு மூடி தந்திருப்பான். கடந்ததும் கழற்றிவிட வேண்டும். அந்த மூடி துவாரத்துக்குப் பக்கத்திலேயே பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை, இது எதற்கு என்று கழற்றி, ஒரு கடதாசித் துண்டில் அவருடைய பெயரை எழுதிக் கட்டி, என் மேசை லாச்சியில் போட்டேன். அவருக்குச் சொன்ன ஞாபகம் இல்லை.

3. மண்ணெண்ணெய்

பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் வராமல் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. டொக்டரின் ஜீப்பில் அதை ஊற்றிப் பார்த்தேன். வெள்ளைப் புகை, இரும்பில் சுத்தியலால் அடிக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. என் புத்தகத்தில் மண்ணெண்ணெய்க்குப் பக்கம் கிடையாது.

குருநகர் வள்ளங்கள் பல வருடமாக மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு கராச் சமாசாரமாக நான் நினைத்ததில்லை.

சவிரி நினைத்தான். மண்ணெண்ணெய் வரும் செம்புக் குழாயைச் சூடான புகை போகும் எக்ஸோஸ்ற் மனிபோல்டில் நாலு சுற்றுச் சுற்றினான். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இரண்டாவது காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தான். ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலைப் பொனற்றுக்குள் கொழுவி அதில் பெற்றோலை விட்டு, பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாறி மாறித் திருப்பக்கூடிய ஒரு பைப் கொக் பூட்டினான். நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நாள் ஸ்ராட் வராது. மறந்துவிடுவார்கள் என்று சாவிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சீலைத்துண்டு கட்டிவிட்டான்.

டொக்டரின் ஜீப் என் கண்ணுக்கு முன்னால் ஓடிப்போனது. வீட்டுக் கதிரையும் பூட்டியிருந்தது.

மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், ஆறு மாதத்தில் எஞ்சின் இறுகும் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னேன். அது உண்மை. சவிரிக்கும் தெரிந்திருந்தது. வருகிற ஒவ்வொரு ஜீப்பிலும் ஒயில் அளக்கும் டிப்ஸ்ரிக்கை எடுத்து மணந்து பார்ப்பான், மண்ணெண்ணெய் மணந்தால் ஒயிலை மாற்றுவான். எஞ்சின்கள் இறுகவில்லை. இறுகவில்லையே என்று எனக்கு நித்திரை வராது.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். அவனிடம் ஐந்து வண்டி. என்னிடம் ஒரு சைக்கிள், அதுவும் என்னுடையது.

"சவிரியிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

"உவனிட்டையோ? நானோ?"

4. துவாரம்

ஆனையிறவுப் பாதை மூடிய பிறகு சனம் கொம்படிப் பக்கத்துக் களப்பைக் கடந்துதான் வெளியே போனது. உழவு மெசின்கள் ஓடின. செல்லத்துரை அண்ணையும் வெங்காயத்தை விட்டுவிட்டு ஜீப்பில் ஆள் ஏற்றத் தொடங்கினார். தண்ணீருக்கு ஏற்றபடி அதை மாற்றியவன் சவிரி. சைலன்சர் குழாயைக் கூரை வரைக்கும் உயர்த்தினான். தண்ணீர் படாமல் டிஸ்ரிபியூற்றருக்குப் பழைய ரயர் ரியூப்பால் சட்டை போட்டான். காத்தாடி தண்ணீரை அள்ளி எஞ்சினில் அடிக்காமல் இருக்க, கரையில் வைத்து அதன் பெல்ற்றைக் கழற்றி, அக்கரையில் திரும்பப் போடுவான். அதற்காகத் தானும் ஜீப்பில் போய்வந்தான்.

ஒருநாள் பின்னேரம் றோட்டைக் கடந்து என் கராச்சுக்குள் வந்தான். அதுதான் முதல்முறை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, நீங்கள் புத்தகம் படிச்ச ஆள். ஒண்டு கேக்கோணும். செல்லத்துரை அண்ணையின்ரை ஜீப்பிலை, கிளச் பெட்டிக்கு அடியிலை ஒரு ஓட்டை கிடக்கு. அது ஏன் விட்டவங்கள்? அடைக்கலாமோ?"

லாச்சி என் முழங்காலுக்கு முன்னால் இருந்தது.

"ஒயில் ஒழுகுறதுக்கு விட்ட ஓட்டை. அடைச்சா கிளச் ஒயிலிலை ஊறிப்போம். அதிலை கை வையாதை."

"நல்ல காலம் கேட்டன்" என்றான். "நான் மெழுகு வைச்சு அடைக்க இருந்தனான். பெரிய உபகாரம் அண்ணை."

நான் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அடுத்த வரியைச் சொல்லவில்லை.

5. முழங்கால் தண்ணீர்

வதனிக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. கண்டிப் பக்கம். பதிவுக்குக் குறித்த நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். மாரி தொடங்கியிருந்தது.

"செல்லத்துரை அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி. "சவிரி செய்த ஜீப். பயமில்லையாம்."

"மெசினிலை போகட்டும்" என்றேன்.

"ஏன்? மழையிலை நனைஞ்சு போறதுக்கோ?"

புறப்படும் நாள் காலை லாச்சியைத் திறந்து மூடியை எடுத்துச் சட்டைப் பொக்கற்றில் போட்டேன். கரையில் வைத்து ஒருவருக்கும் தெரியாமல் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். கரை வரைக்கும் ஜீப்பில் நானும் போனேன்.

மழை மூட்டத்தில் ஆமியின் ஹெலிகொப்டர் பறக்காது என்று பகலிலேயே கடந்தார்கள். பதினொரு பேர். செல்லத்துரை அண்ணை தடியை ஊன்றி, "முழங்கால்தான்" என்றார். சவிரி பொனற்றைத் திறந்து பெல்ற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் ஜீப்பின் கீழே படுக்க வேண்டும் என்றால் அவனிடம் ஸ்பானர் வாங்க வேண்டும். ஏன் என்று கேட்பான். பதினொரு பேருக்கு முன்னால்.

வாயைத் திறக்கத்தான் போனேன். வதனி முந்திக்கொண்டாள்.

"ஏனப்பா முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்? சவிரி மாமா இருக்கிறார்தானே. ஒண்டும் நடக்காது."

நான் பதினெட்டு வருடம் அந்தப் பிள்ளையை வளர்த்து அவளின் சைக்கிளுக்குக் காற்று அடித்தவன். பொக்கற்றுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "போயிட்டு வா" என்றேன்.

ஜீப் இறங்கியது. முதல் முழங்கால், பிறகு கதவின் அடி. நடுக்களப்பில் எஞ்சினின் சத்தம் மாறியது. எஞ்சின் உரத்துக் கத்துகிறது, ஜீப் அசையவில்லை. கரையில் நின்றவர்கள் சேற்றில் புதைந்துவிட்டது என்றார்கள். எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீரும் களியும் அந்தத் துவாரத்தால் ஏறிக் கிளச் வழுக்குகிறது. அங்கே நின்ற அத்தனை பேரிலும் எனக்கு மட்டும் தெரியும்.

மூட்டம் கிழக்கே விலகத் தொடங்கியது. தூரத்தில் ஹெலியின் சத்தம். மறைய ஒரு பற்றை கூட இல்லாத வெளி. எல்லோரும் தண்ணீருக்குள் குதித்தார்கள். வதனி சேட்டிபிக்கற் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். செருப்போடு இறங்கி ஓடினேன். தண்ணீருக்குள் ஓட முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

சவிரி பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். குனிந்தபோது மூடி பொக்கற்றில் இருந்து வெளியே நழுவியது. தண்ணீரில் விழ முதல் அவன் பிடித்துவிட்டான். மூடியைப் பார்த்தான். அதில் கட்டியிருந்த துண்டில் செல்லத்துரை அண்ணையின் பெயர், என் கையெழுத்து. மரையைப் பெருவிரலால் ஒருமுறை தடவினான். என்ன என்று நான் சொல்லத் தேவை இருக்கவில்லை.

துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் விட்டான். மூடியைச் சாரக் கட்டுக்குள் செருகினான்.

"பிள்ளையைப் பிடியுங்கோ அண்ணை" என்றான். "களி வழுக்கும்."

பின்னால் வந்த உழவு மெசின் ஒன்று கயிறு போட்டு இழுத்தது. அக்கரை சேர்ந்து பனைகளுக்குள் ஒதுங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹெலி களப்புக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. சுடவில்லை. ஜீப் நடுவில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மூன்று வருடமாகக் கணக்குப் போடுகிறேன்.

செல்லத்துரை அண்ணை, "என்ன சவிரி, உன்ரை வேலை பிழைச்சுப்போச்சே" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"ஓம் அண்ணை. என்ரை கவலையீனம்தான்" என்றான் சவிரி.

6. கயிறு

அடுத்த கிழமை அவன் கொட்டிலுக்கு நானே போனேன். செல்லத்துரை அண்ணையின் ஜீப் நின்றது. கிளச்சைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருந்தான். மூடி துவாரத்துக்குப் பக்கத்தில், நைலோன் கயிற்றில் சேஸியோடு கட்டித் தொங்கியது.

"வள்ளத்துக்கும் அடியிலை இப்பிடி ஒரு அடைப்பு இருக்கு அண்ணை" என்றான். "கழட்டிற இடத்திலையே கட்டி விட்டிடுவம். வீட்டை கொண்டுபோய் வைச்சா, கடலிலை நிண்டுதான் ஞாபகம் வரும். உங்கடை புத்தகத்திலை கயிறு போடேல்லையோ?"

குத்திக் கதைத்தானா, உண்மையாகவே கேட்டானா என்று இன்றுவரை தெரியாது. "இல்லை" என்றேன்.

நான் கற்றுக்கொண்டது அதுதான். இப்போது எந்த வண்டியில் எதைக் கழற்றினாலும் அந்த இடத்திலேயே கயிறு போட்டுக் கட்டுகிறேன். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அடுத்த வரியையும் சொல்கிறேன், எதிர்ப்பக்கத்துக்காரன் கேட்டாலும். பிள்ளைகளே, நீங்கள் படித்தவர்கள். மறைத்து வைக்க உங்களுக்கு லாச்சிகள் அதிகம் இருக்கும்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. இன்று காலையும் அவன் கொட்டில் வாசலில் வண்டிகளை எண்ணினேன். நாலு.

வதனி கடிதம் போடும்போதெல்லாம் கடைசி வரியில், "சவிரி மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. அண்டைக்கு அவர் இல்லாட்டி நாங்கள் இல்லை" என்று எழுதுகிறாள். அவன் அவளுக்குச் சொல்லவில்லை. செல்லத்துரை அண்ணைக்கும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் சொல்லவில்லை. மூன்று வருடமாக றோட்டின் மறுபக்கத்தில் இருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்துகிறான், அவ்வளவுதான்.

அவனுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று மாலையே நல்லூர் முழுக்கச் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். மலர் வந்ததும் ஒரு பிரதியை வதனிக்கு அனுப்புவேன்.