"இருந்தார்" என்று வாசித்த கடிதம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம், அரிமளத்தில் எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பட்டாளத்துக்குப் போன என் வீட்டுக்காரரைப் பற்றி, பட்டாள ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தார்கள். எனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. கொழுந்தன் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டுவான். அவன்தான் வாசித்தான்.

"அண்ணனுக்குக் குண்டடி. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு போட்டிருக்கு மதினி."

"இப்ப?"

"இருந்தாருன்னா இப்ப இல்லைன்னுதானே அர்த்தம்."

நான் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கைநாட்டு வைக்கச் சொன்னான். சர்க்காருக்கு மனு என்றான். நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறான் என்றது என் மனசு. அவன் பெண்டாட்டி கொடுத்த கஞ்சியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தேன். அதற்குள் சொந்தக்காரர்கள் என் தாலியைக் கழற்ற நாள் பார்த்தார்கள்.

கடிதத்தையும் தாளையும் மடியில் முடிந்துகொண்டு ஆவுடையார்கோவிலுக்குப் போனேன். "நெசத்தைச் சொல்ற ஒரு வாயைக் காட்டு சாமி" என்று சன்னதியில் விழுந்து கிடந்தேன். சாமியும் ஏமாற்றுமோ என்று அப்போது நினைத்ததை மறைக்க மாட்டேன்.

எழுந்தபோது பக்கத்தில் ஓர் அம்மாள், என்ன கஷ்டம் என்று கேட்டார். புதுக்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவராம். கடிதத்தை நீட்டினேன்.

"இது முடிஞ்சுபோன சேதி இல்லீங்க. 'ஹேஸ் பீன்'னு போட்டிருக்காங்க. ரெண்டு மாசமா இருந்துக்கிட்டு வாராருன்னு அர்த்தம். செத்தவரைப் பத்தி இப்படி எழுத மாட்டாங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று அவரையும் நம்பவில்லை. திரும்பும் வழியில் அறந்தாங்கித் தபாலாபீசில், எதுவும் சொல்லாமல் கடிதத்தைக் கொடுத்தேன். குமாஸ்தா வாசித்துவிட்டு, "ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில இருக்காரும்மா" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சேதி சொன்னதும் தாலி கழற்றும் பேச்சு நின்றது.

வைகாசியில் என் வீட்டுக்காரர் ஒரு கால் இல்லாமல் வந்து இறங்கினார். குடும்பச் சண்டையை வெளியாரிடம் காட்டக் கூசி, கைநாட்டு வைக்காமல் ஒளித்து வைத்திருந்த தாளை அவரிடம் காட்டினேன்.

"நான் செத்துட்டேன், என் பெண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணுங்கன்னு எழுதியிருக்கான். வேற ஒண்ணுமில்லை" என்றார்.

கொழுந்தனிடம் போனேன். "ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன் தம்பி."

"நானும் தப்பாத்தானே வாசிச்சேன் மதினி" என்றான்.

அந்த ஆடியிலேயே அரிச்சுவடியை எடுத்தேன். இதை என் கையாலேயே எழுதுகிறேன். உங்களுக்கும் சாமி மேல் சந்தேகம் வரலாம். வந்தால் அந்தச் சந்தேகத்தோடேயே சன்னதிக்குப் போங்கள். நம்பாமல் நின்ற எனக்கே அவர் பதில் சொன்னார்.