ரயிலேறி வந்த பிடிமண்

தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் மாரிகுப்பம் லைனில் புதிதாக வந்து இறங்குகிறவன் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கு எந்த ஊரு?" வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். ரத்தினம்மா மட்டும், "மாரிகுப்பந்தான், வேற இன்னா ஊரு?" என்பாள்.

"அது பொழைக்க வந்த எடம்மே. பொறந்த ஊரு?"

"பொறந்தது வேப்பங்கரை சேரியில. ஊருக்குள்ள எங்கள எப்ப வுட்டாங்க, அத எங்க ஊருன்னு சொல்லிக்க?"

கேட்டவன் அடுத்த ஆளைக் கேட்கப் போய்விடுவான்.

சுரங்கக் குழியான ஷாஃப்டிலிருந்து மேலே வருகிற கல்லைப் பொறுக்கிப் பிரிப்பது அவள் வேலை. புருஷன் ராஜப்பா கீழே இறங்குகிறவன். சுரங்கம் சொர்க்கம் ஒன்றும் இல்லை. பாறை விழுந்து செத்தவனுக்கு மாரடித்து அழுதவள்தான் அவளும். ஆனால் ஷாஃப்டுக்குள் இரும்புக் கூண்டில் இறங்கும்போது எவன் தோள் எவன்மேல் படுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்ல ஆளில்லை. முதல் செருப்பு வாங்கிய அன்று, வேலை எதுவும் இல்லாமலே லைனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். போதாதென்று இன்னொரு சுற்றும் வந்தாள்.

அதே வேப்பங்கரையின் ஊர்த் தெருவில் பிறந்தவன் தாமோதரன் மேஸ்திரி. ஆள் சேர்த்து, வேலை ஏவி, அதட்டுகிறவன். வாயைத் திறந்தால் சொந்த ஊர்ப் புராணம். அந்த ஏரித் தண்ணீர் இளநீராம், அந்தக் காற்றுக்கே பசி அடங்குமாம். அப்படிப்பட்ட ஊரை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்த வருஷம் லைனில் அம்மை போட்டது. மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டியே ஆகவேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். புதுக் கோயில் என்றால் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் வரவேண்டும். அதைக் குழியில் போட்டு, அதன்மேல்தான் அம்மனை உட்கார வைப்பது வழக்கம்.

"வேப்பங்கரை மண்ணத்தான் போடணும். நானே போய் எடுத்தாறேன்" என்றான் மேஸ்திரி. அதோடு விட்டானா? "மண்ணு வந்தா மொறையும் கூடவே வரணும். அங்க எப்பிடியோ அப்பிடித்தான் இங்கயும். மேடைக்கு முன்னால கயிறு கட்டிடுவோம். சேரி ஆளுங்க கயித்துக்கு அந்தாண்ட."

மேடை கட்டவும் மண் மிதிக்கவும் மட்டும் கயிற்றுக்கு அந்தாண்டை ஆட்கள் இந்தாண்டை வரலாமாம்.

கூண்டில் தோளோடு தோள் இடித்துப் போகிறவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மண் குழியில் விழுந்தால் வேப்பங்கரையே நடந்து வந்து இங்கே குடியேறிவிடும் என்று ரத்தினம்மாவுக்குத் தெரிந்தது. மண் விழுந்தால்தானே?

மேஸ்திரியைத் தப்படித்து வழியனுப்பினார்கள். மஞ்சத்துணி மூட்டையோடு திரும்பி வந்தவன், அதை மேடைப் பக்கத்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டுக் குளிக்கப் போனான். மேடை மெழுகிக்கொண்டிருந்த ரத்தினம்மா இதற்காகத்தான் காத்திருந்தாள். அவள் மடியில் ஒரு பிடி மண், தன் வீட்டு வாசலில் அள்ளியது, தயாராக இருந்தது. மூட்டையைப் பிரித்தாள். மாற்றப் போனவள் அப்படியே நின்றாள். மண் முழுக்கக் கரித்துண்டுகள்.

"ஏய், இன்னாமே அதத் தொட்டுட்ட!" தலை சொட்டச் சொட்ட ஓடி வந்தான் மேஸ்திரி.

"மேஸ்திரி, வேப்பங்கரை அம்மன் எப்ப ரயிலேறுனா?"

"இன்னா ஒளர்ற?"

கரித்துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "குடியாத்தத்துல எறங்கி ஒரு பகலு நடந்தாத்தான் வேப்பங்கரை. அங்க எந்த இஞ்சினு வந்து கரி கொட்டிச்சு? இது நாம ரயிலு மாத்துற பௌரிங்பேட்ட ஸ்டேசன் மண்ணு. போன சந்தைக்கு நான் அங்கதான் குந்திகினு இருந்தேன். பொடவ பூரா இந்தக் கரிதான்."

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஈர வேட்டியோடு மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"கத்தாதம்மே. ஊர் எல்லையில கால வெச்சா அண்ணன் ஒடிச்சிடுவான். பாகம் கேட்டேன்னு அப்பவே பங்காளிங்க அத்தினி பேரும் சேந்து வெரட்டி வுட்டானுங்க. ஸ்டேசன்லயே படுத்துக் கெடந்துட்டு வந்துட்டேன்."

ரத்தினம்மா கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்காவது சேரி வரைக்கும் வழி கீது. உங்களுக்கு அதுவும் இல்லியா! அதான் மூச்சு வுடாம ஊரு ஊருன்னு அடிச்சிக்கிறீங்களா?"

அவன் கண் கலங்கியது. அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கயிற்றுச் சுருள் அவன் காலடியிலேயே கிடந்ததால், வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

"இந்தக் கயித்த இன்னா பண்ணப் போறீங்க?"

"அது மொறைம்மே…"

"வேப்பங்கரை மண்ணுக்கு வேப்பங்கரை மொறை. சரி. ஸ்டேசன் மண்ணுக்கு இன்னா மொறை? அங்க டிக்கெட்டு வாங்க எல்லாம் ஒண்ணாத்தான் நிக்கிறாங்க. சாயங்காலம் எல்லாரையும் வெச்சிக்கினு கேக்கட்டுமா?"

சாயங்காலம் கூட்டம் கூடியது. மேஸ்திரி மண்ணை அள்ளி முகர்ந்தான். கரியைப் பொறுக்கி எறிந்திருந்தான், பாவம். "ஆகா! எங்க ஏரிக்கர வாசம்!" வேப்பங்கரைக்காரர் நாலு பேர் முகர்ந்து பார்த்து, "அதே வாசம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்தினம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"கயிறு எங்க மேஸ்திரி?" என்றது ஒரு குரல்.

"அம்மன் கனவுல வந்து வாணான்னுட்டா."

"எப்ப வந்தா?"

"திரும்பி வரச்சொல்ல ரயில்ல தூங்கினேன். அப்ப."

"ஆமா ஆமா, ரயில்லதான் வந்தா!" என்றாள் ரத்தினம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பிறகு நேராக மேடைமேல் ஏறினாள். தடுக்க வாயெடுத்தவர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி வானத்தைப் பார்த்தான். மடியை அவிழ்த்து, மேஸ்திரி போட்ட மண்மேல் தன் மண்ணையும் குழியில் கொட்டினாள்.

"இன்னாம்மே அது?" என்றது அதே குரல்.

"எங்க ஊரு மண்ணு."

மேஸ்திரி அதிலும் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, "நல்ல மண்ணு" என்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்?